நீரகம்

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஹைட்ரஜன் என்று படிக்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் ஐதரசன் என்று படிக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. கலைச்சொல் ஆக்கியோர் தந்த மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு: நீரகம். அது புழக்கத்தில் பின்தங்கிவிட்டது. எனக்கு அதன் மேல்தான் பற்று.

1766இல் ஹென்றி கேவண்டிஷ் உலோகத்தை அமிலத்தில் இட்டு இந்த வாயுவைப் பிடித்து ஆராய்ந்தபோது, 'எரியும் காற்று' என்றுதான் அழைத்தார். 1783இல் பாரிஸில் லவாய்சியர் அதை எரித்தார். கண்ணாடிக் கலத்தின் சுவரில் துளிகள் அரும்பின. துளிகள் நீர்! ஐம்பூதங்களில் ஒன்றாக நாமும், மூலப்பொருள்களில் ஒன்றாகக் கிரேக்கரும் கருதிவந்த நீர், இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்று தெரிந்தது அப்போதுதான். 1787இல் அவரும் மூன்று தோழர்களும் வெளியிட்ட பெயரிடல் நூலில் இதற்கு 'இத்ரோழேன்' என்று பெயர் வந்தது. கிரேக்கத்தில் 'ஹுடோர்' நீர். பின்பாதி ஈனுதலைக் குறிப்பது. ஆக, நீரை ஈனுவது. ரஷ்யர் அதையே 'வொதரோத்' என்று பெயர்த்தனர். ஜெர்மானியருக்கு அது 'வாசர்ஸ்டோஃப்', நீர்ப்பொருள். சீனர் மட்டும் நீரை விட்டுவிட்டு, இலேசு என்னும் சொல்லிலிருந்து 'சிங்' என்றனர்.

நீரகத்தை நீர், அகம் என்று பிரித்துப் பாருங்கள். நீரின் உள்ளே இருப்பது! பிரெஞ்சுப் பெயர் எரியும் கணத்தைச் சொல்கிறது. தமிழ்ப் பெயர் பிரிக்கும் கணத்துக்குப் பொருந்துகிறது. 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் மின்கல அடுக்கின் கம்பிகளை நீரில் விட்டபோது ஒரு முனையில் குமிழிட்டது உள்ளிருந்த இந்த நீரகம்தான். இன்று நீரைப் பிரிக்கும் மின்சாரத்தை வெயிலிலிருந்தும் காற்றாலையிலிருந்தும் எடுத்தால், நீரகம் என்னும் எரிபொருள் பிறக்கும் இடத்தில் கரிப்புகை இல்லை.

ஒரு கிலோ நீரகத்துக்கு ஏறத்தாழ ஒன்பது லிட்டர் நீர் பிரிய வேண்டும். அதுவும் உப்பே இல்லாத தூய நீர். குடிக்க இல்லாத ஊரில் அதை எங்கே தேடுவது? சாக்கடை நீரைச் சுத்திகரித்து வெளியே விடுகிறோமே, அதில் தேடலாம். கழிவுநீர் என்ற பெயரே அதைக் கைகழுவச் சொல்கிறது. அரிசி களைந்த நீருக்கு நம் பழைய பெயர் கழுநீர். வீட்டுக் கொல்லையில் அதற்கென்று ஒரு பானை இருக்கும். காய்கறித் தோலும் வடித்த கஞ்சியும் அதில் சேரும். மாலையில் மாடு வந்து முகத்தை உள்ளே விட்டு உறிஞ்சும். பேச்சில் அது கழனித்தண்ணி. கழுவிய நீர் கழிவு என்ற எண்ணம் அந்தப் பானைக்குள் புகவில்லை.

சுத்திகரித்த நீரிலும் கால்சியமும் மக்னீசியமும் எஞ்சியிருக்கும். ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பாய்ப் படிகிறதே, அவைதான். நீரைப் பிரிக்கும் மின்பகுப்புக் கலத்தின் மென்சவ்வில் அவை ஒட்டிக்கொண்டு அயனிகளின் வழியை அடைத்துவிடும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நீரில் கந்தக அமிலம் சேர்த்துப் பார்த்தார்கள். அமிலம் தரும் நீரக அயனிகள் முந்திக்கொண்டு வழியைத் திறந்து வைக்க, கலம் 300 மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

இங்கே ஒரு பழைய பெயர்ப்பிழை நினைவுக்கு வருகிறது. ஆக்சிஜன் என்றால் அமிலத்தை ஈனுவது என்று பொருள். லவாய்சியர் அப்படித்தான் நம்பினார். 1810இல் ஹம்ஃப்ரி டேவி, உப்பிலிருந்து வரும் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று காட்டினார். அமிலத்துக்கு அமிலத்தன்மை தருவது நீரகம். பிரின்ஸ்டன் கலத்தில் வழி திறந்ததும் அதுவேதான்.

ஒரு கிலோ நீரகத்தோடு எட்டு கிலோ ஆக்சிஜனும் வெளிவருகிறது. சுத்திகரிப்பு நிலையத்திலோ, அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட இரவும் பகலும் மின்சாரம் செலவழித்துத் தொட்டிக்குள் காற்றடிக்கிறார்கள். இந்த ஆக்சிஜனை அங்கேயே திருப்பிவிடலாம். தமிழில் அதற்கு உயிர்வளி என்று பெயர்.