எண்ணெய் கொப்பளித்தல்: பலன் எதுவரை?

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயை வாயிலிட்டு, பத்து முதல் இருபது நிமிடங்கள் வரை பற்களுக்கிடையே அலசி உமிழும் பழக்கம் தமிழர்கள் பலருக்குத் தெரிந்ததே. 'ஆயில் புல்லிங்' என்ற பெயருடன் உலகைச் சுற்றிவந்த இப்பழக்கம், சுவையூட்டப்பட்ட தேங்காய் எண்ணெய்ப் பொதிகளாக மேலைநாட்டுக் கடைகளில் புலம்பெயர்ந்த தமிழர்களின் கைகளுக்கே திரும்பி வந்துள்ளது. பல் மருத்துவச் செலவுக்கு அஞ்சும் குடும்பங்களில் இதையே சிகிச்சையாகக் கொள்வோரும் உண்டு. அங்குதான் சிக்கல் எழுகிறது.

ஆயுர்வேத நூல்கள் இதனை இரண்டாகப் பிரிக்கின்றன. வாய் நிறையத் திரவத்தை அசைக்க முடியாதபடி நிறுத்தி வைப்பது கண்டூஷம். அசைத்துக் கொப்பளிக்கக்கூடிய அளவு எடுத்துக்கொள்வது கவளம். எண்ணெய் மட்டுமன்றி நெய், பால், தேன், மூலிகைக் கஷாயம் ஆகியனவும் நோயாளியின் நிலைக்கேற்ப இதற்குப் பயன்பட்டன. நல்லெண்ணெயை வாயில் வைத்திருந்தால் தாடை வலுப்பெறும், குரல் தெளியும், சுவை கூடும், உதடு வெடிக்காது, பற்கள் உறுதிபெறும் என்று சரக சம்ஹிதை கூறுகிறது. இவை யாவும் வாயையும் தொண்டையையும் சார்ந்த பலன்களே என்பது கவனிக்கத்தக்கது.

நீரிழிவு, மூட்டுவலி, இதய நோய் என நீளும் பட்டியல் பிற்காலத்தது. உக்ரைனைச் சேர்ந்த காராச் என்ற மருத்துவரின் பெயரால் 1990களில் பரவிய செய்திகளில், சூரியகாந்தி எண்ணெய் உடலின் நச்சுகளையே இழுத்து வெளியேற்றும் என்று கூறப்பட்டது. வாயின் உட்தோல் வழியாக இரத்தத்திலுள்ள நச்சுகளை எண்ணெய் உறிஞ்சும் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. உமிழும்போது எண்ணெய் வெண்மையாகத் தெரிவதை நச்சு வெளியேறியதன் அடையாளமாகப் பலர் காட்டுவர். எண்ணெயும் உமிழ்நீரும் நெடுநேரம் கலக்கும்போது அவ்வாறு பால்போல் ஆவது இயல்பு, அவ்வளவே.

வாய் நலத்தைப் பொறுத்தவரை ஆய்வுகள் சற்று வேறு கதை சொல்கின்றன. சென்னையில் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு வீக்கமுள்ள 20 பதின்வயதுச் சிறுவர்களில் ஒரு குழுவினர் நல்லெண்ணெயும் மற்றவர்கள் குளோர்ஹெக்சிடின் வாய்கழுவு மருந்தும் 10 நாட்கள் பயன்படுத்தினர். இரு குழுக்களிலும் பற்படலமும் ஈறு வீக்கமும் நுண்ணுயிர் எண்ணிக்கையும் குறைந்தன. கேரளத்தின் கண்ணூரில் 60 இளையோரிடம் தேங்காய் எண்ணெயைக் கொண்டு 30 நாட்கள் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வும் இத்தகைய முன்னேற்றத்தைக் கண்டது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இருக்கவில்லை. தேங்காய் எண்ணெய் குறித்த சோதனைகளை 2020இல் தொகுத்துப் பார்த்தவர்களுக்குத் தகுதியானவையாகக் கிடைத்தவை நான்கே. அவற்றில் பங்கேற்றோர் மொத்தம் 182 பேர். பலன் இருக்கக்கூடும், உறுதியாகக் கூற இது போதாது என்பதே அவர்களின் முடிவு. போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று கூறும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் இதனைப் பரிந்துரைப்பதில்லை.

பற்படலம் மென்மையாக இருக்கும்வரை அலசுதல் ஓரளவு உதவலாம். அது இறுகிக் காரையாகிவிட்டால் எந்த எண்ணெயும் அதைக் கரைக்காது. பல் மருத்துவர் கருவியால் சுரண்டியே எடுக்க வேண்டும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ஆழமான பைகள் உண்டானபின் வாயில் அலசும் திரவம் அவற்றின் அடிவரை செல்வதில்லை. பல்லில் விழுந்த குழி மூடிக்கொள்வதுமில்லை. எண்ணெயில் ஃபுளோரைடு இல்லையாதலால், ஃபுளோரைடு பற்பசைக்கு அது மாற்றாகாது.

தெற்காசியரிடையே நீரிழிவு மிகுதி. நீரிழிவு ஈறு நோயைக் கடுமையாக்குகிறது, ஈறு நோயோ சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கிறது. ஈறில் இரத்தம் கசியும் ஒருவர் எண்ணெயை நம்பிச் சில மாதங்களைக் கழித்தால், பல்லைத் தாங்கும் எலும்பு அதற்குள் கரையத் தொடங்கியிருக்கலாம். கனடாவில் பல் சிகிச்சை பெரும்பாலும் மாகாண மருத்துவக் காப்பீட்டுக்கு வெளியே இருப்பது இத்தகைய தாமதத்துக்கு நெடுங்காலக் காரணம். தனியார் பல் காப்பீடு இல்லாத, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் 2024 மே மாதம் முதல் சிகிச்சை தொடங்கியுள்ளது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத முதியோர் வீட்டில் இருந்தால், எண்ணெய்ப் போத்தலுக்கு முன் விண்ணப்பப் படிவத்தை அவர்களுக்கு எடுத்துத் தருவது நல்லது.

அபாயமே இல்லாத பழக்கம் என்றும் சொல்வதற்கில்லை. அலசும்போது எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சி உண்டான நோயாளிகளைப் பற்றி 2014இல் தென்கொரியாவிலிருந்தும், 2015இல் ஜப்பானிலிருந்தும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. சிறு குழந்தைகளும், பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோரும் இதனைத் தவிர்க்க வேண்டும்.

மற்றவர்கள் செய்வதானால் அளவோடு எடுத்து, தொண்டைக்குள் இறக்காமல் மெதுவாக அலசி, உமிழ்ந்தபின் வழக்கம்போல் பல் துலக்கலாம். உமிழும் இடம் கைகழுவும் தொட்டியாக இருக்க வேண்டாம். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். குளிர்நாட்டு வீடுகளில் கழிவுநீர்க் குழாய் அடைபட இதுவே போதும். காகிதத்தில் உமிழ்ந்து குப்பைக் கூடையில் இடலாம்.