ஒருசாலை மாணாக்கர்: வட்டுக்கோட்டைச் செமினறியும் அதன் பழைய மாணவரும்

தமிழில் 'ஒருசாலை மாணாக்கர்' என்றொரு தொடர் உண்டு. ஓர் ஆசிரியரிடத்தே உடனிருந்து பாடங்கேட்டோரை அது குறிக்கும். எனினும் அத்தொடர் சுட்டும் உறவு நமது பழைய கல்வி மரபிலே நிறுவன வடிவம் எதனையும் பெறவில்லை. திண்ணைப் பள்ளிகளிலும் புலவர் இல்லங்களிலும் பயின்றோரின் பிணைப்பு ஆசிரியரை நோக்கியதாகவே இருந்தது. இன்னாரின் மாணாக்கர் என்பது ஒருவருக்குப் பெருமை தந்தது; இன்னாரோடு உடன் படித்தவர் என்பது அத்துணைப் பொருட்டாகக் கொள்ளப்படவில்லை.

பாடசாலையை விட்டு நீங்கியோர் எங்கே வாழ்கின்றனர், என்ன தொழில் புரிகின்றனர், எப்போது இறந்தனர் என்னும் செய்திகளை ஒழுங்காகத் திரட்டிப் பேணும் வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அமெரிக்க மிசனரிமாரோடு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் வரலாறு விசித்திரமானது. அவ்வாறு திரட்டப்பட்ட செய்திகளே ஒரு கல்விக்கூடம் மூடப்படுவதற்குத் துணைபோயின. மூடப்பட்ட பின்னரோ, அக்கூடத்திற் பயின்றோரிடையே எஞ்சியிருந்த தொடர்பே மற்றொரு கல்லூரிக்கு வித்தாயிற்று.

இவ்வழக்கத்தின் பிறப்பிடம் நியூ இங்கிலாந்து ஆகும். ஹாவாட், யேல் ஆகிய கல்லூரிகள் தம்மிடம் பட்டம் பெற்றோர் அனைவரின் பெயர்களையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை இலத்தீன் மொழியில் அட்டவணையாக அச்சிட்டு வந்தன. இறந்தோர் பெயருக்கு முன்னே ஓர் உடுக்குறி இடப்பட்டது. புதிய அட்டவணை கையிற் கிடைத்ததும், தமது ஆண்டின் பெயர்களில் எத்தனைக்குப் புதிதாக உடுக்குறி ஏறியிருக்கிறது என்பதையே முதியவர் ஒருவர் முதலிற் பார்த்திருப்பார் என்று நாம் ஊகிக்கலாம். சமயகுருமாராகியவர்களின் பெயர்கள் சாய்ந்த எழுத்திற் பொறிக்கப்பட்டன. கல்லூரி தன் மாணவரிடத்து எதனை எதிர்பார்த்தது என்பதை அச்சுக்கூடத்து எழுத்து வகையே காட்டிவிடுகிறது.

அட்டவணைக்கு அப்பால், பழைய மாணவர் தாமாகவே திரண்டு சங்கம் அமைத்தது மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ் கல்லூரியிலாகும். 1821 ஆம் ஆண்டு அக்கல்லூரியின் தலைவர் ஒரு தொகை மாணவருடன் பிரிந்து சென்று, புதிதாகத் தொடங்கப்பட்ட அமெஸ்ற் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். எஞ்சிய கல்லூரி நிலைக்குமா என்பதே ஐயமாயிற்று. அவ்வாண்டுப் பட்டமளிப்பு நாளிலே வந்து கூடிய பழைய மாணவர் ஒரு சங்கத்தை நிறுவிக் கல்லூரியைக் காக்க முன்வந்தனர். உலகின் மிகத் தொன்மையான பழைய மாணவர் சங்கமாகக் கருதப்படுவது இதுவே. இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஆண்டுதோறும் விருந்துண்டு கலையும் நமது கல்லூரிச் சங்கங்கள், இப்படியோர் இடர்க்காலத்துக் கூட்டத்தைத் தமக்கு முன்னோடியாக நினைப்பதில்லை.

வில்லியம்ஸ் கல்லூரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. 1806 ஆம் ஆண்டு அக்கல்லூரியின் மாணவர் ஐவர், இடிமழைக்கு ஒதுங்கிய வைக்கோற்போரின் அருகே கூடி, கீழைத்தேயங்களுக்குச் சமயப்பணி செய்யச் செல்வது பற்றிச் சிந்தித்தனர். 1810 இல் அமெரிக்க மிசன் சபை தோன்றியதற்கு அந்நிகழ்ச்சியே மூலமெனக் கூறுவர். அவ்வைவருள் ஒருவரான ஜேம்ஸ் றிச்சேட்ஸ் 1816 இல் இலங்கைக்கு வந்த முதற் குழுவிலே இடம்பெற்றிருந்தார். அவருடைய கல்லூரிக்குப் பழைய மாணவர் சங்கம் தோன்றிய மறு ஆண்டில், 1822 இல், அவர் தெல்லிப்பழையிற் காலமானார். யாழ்ப்பாணத்துக்கு வந்த ஏனையோரும் இத்தகைய கல்லூரிகளின் மாணவரே. டானியல் பூரும் லீவை ஸ்போல்டிங்கும் டாட்மத் கல்லூரியிலும், பெஞ்சமின் மெயிக்ஸ் யேலிலும், மைறன் வின்ஸ்லோ மிடில்பெரிக் கல்லூரியிலும் பயின்றவர்கள்.

1823 இல் பூர் அவர்களைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டையில் ஆரம்பமான உயர்கல்விக்கூடம், செமினறி என்னும் பெயரால் வழங்கலாயிற்று. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், தருக்கம் முதலியன அங்கே கற்பிக்கப்பட்டன. அதன் கல்வித்தரம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கதெனக் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமெர்சன் டெனன்ற் 1850 இல் வெளியான தமது நூலிற் பாராட்டினார். இப்பாராட்டு நம்மவரால் அடிக்கடி எடுத்தாளப்படுவது. ஆனால் செமினறியின் நாளாந்த வாழ்வை இயக்கிய வேறொரு காரணியைப் பாராட்டுரைகள் சொல்வதில்லை. அது பணம்.

மிசன் விடுதிப் பாடசாலைகளிற் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்காவிலே ஒரு புரவலர் இருந்தார். அவர் ஆண்டுதோறும் செலவுக்குப் பணம் அனுப்பினார். பிள்ளைக்குத் தம் பெயரையோ தாம் மதித்த ஒரு குருவின் பெயரையோ சூட்டும் உரிமை பெற்றார். நெவின்ஸ், ஆனல்ட், கறோல், எவாட்ஸ் என்ற பெயர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் நுழைந்த வழி இதுவே. (ஹாவாட் அட்டவணை ஜேம்ஸ் என்பவரை யாக்கோபுஸ் ஆக்கியது, வட்டுக்கோட்டை முத்துக்குமாரரின் மகனை வில்லியம் நெவின்ஸ் ஆக்கியது. கல்விக்கூடத்து வாயிலிற் பெயரை இழப்பது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று.) பணம் அனுப்பியவர் அதன் பயனை அறிய விரும்புவது இயல்பு. தம் பெயர் தாங்கிய பிள்ளை என்ன படிக்கிறான், படித்து முடித்து என்ன ஆனான் என்பதை அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. செமினறி வெளியிட்ட மூவாண்டு அறிக்கைகள், நியூ இங்கிலாந்து அட்டவணைகளின் சாயலில், பயின்று வெளியேறியோரின் நிலைமையையும் தெரிவித்தன. பழைய மாணவர் வாழ்க்கைச் செய்தி யாழ்ப்பாணத்தில் முதலிலே திரட்டப்பட்டது மாணவரின் பொருட்டன்று. கணக்குக் கேட்போரின் பொருட்டாகும்.

அக்கணக்கு ஆண்டுக்காண்டு ஒரு திசையிற் சென்றது. 1833 இன் கோல்புறூக் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து ஆங்கிலம் அறிந்த சுதேசிகளுக்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவு திறந்தது. 1840 களிலே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது எழுத்து வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கச்சேரியும் நீதிமன்றமும் நில அளவைத் திணைக்களமும் செமினறி மாணவரை வரவேற்றன. உபதேசியாராகவும் மிசன் பாடசாலை ஆசிரியராகவும் சென்றோர் இருந்தனர். ஆனால் உத்தியோகத்தை நாடிச் சென்றோர் தொகை மிசன் சபையின் கண்ணை உறுத்தியது. ஊருக்கோ அது பெருமையான செய்தி. மகன் கச்சேரியில் வேலை பெற்றான் என்பதைத் தந்தை கோயில் வீதியிற் சொல்லி மகிழக்கூடிய செய்தி. அதே செய்தி பொஸ்ரனில் வாசிக்கப்பட்டபோது நட்டக்கணக்காயிற்று.

1855 இல் சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தூதுக்குழுவாக யாழ்ப்பாணத்துக்கு வந்தார். ஆங்கிலக் கல்வி மாணவரை அவர்தம் கிராமத்திலிருந்தும் சமயப்பணியிலிருந்தும் பிரித்துவிடுகிறது, ஆதலின் தாய்மொழி வழியே ஊழியரைப் பயிற்றுவதே தக்கது என்பது அவரது கொள்கை. அவ்வாண்டிலேயே செமினறி மூடப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் டானியல் பூர் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்திருந்தார். அண்டர்சனின் முடிவைக் கண்டிப்பது இன்று எளிது. சபையின் நோக்கம் குருமாரை ஆக்குவது. அந்நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் அவர் கணக்கிற் பிழையில்லை. மேலும் தாய்மொழிக் கல்வி பற்றி அவர் சொன்னவற்றுள் ஒரு பகுதியை, வேறு காரணங்களுக்காக, நாமே நூறாண்டு கழித்துச் சொன்னோம் என்பதையும் மறத்தலாகாது.

கூடம் மூடப்பட்டது, அதன் மாணவர் எஞ்சினர். இனி அவர்களுடைய செய்தியைத் திரட்டும் கடமை எவருக்கும் இல்லை. இந்நிலையில் அவர்களைப் பிணைத்தவற்றுள் முதலாவதாகக் கூறவேண்டியது உதயதாரகை. 1841 தை மாதத்தில் தோன்றிய இவ்விருமொழிப் பத்திரிகையின் முதலாசிரியர்களான ஹென்றி மாட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் செமினறியிற் பயின்றவர்கள். கல்வி, விஞ்ஞானம், சமயம் ஆகியன பற்றி வாசகர் எழுதிய கடிதங்களுக்கு அது இடமளித்தது. செமினறி மூடப்பட்டு இரண்டாண்டுகளின் பின், 1857 இல், பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பு மற்றொரு பழைய மாணவரான ஆனல்ட் சதாசிவம்பிள்ளையிடம் வந்தது.

இரண்டாவது களம் சென்னை. வின்ஸ்லோ பாதிரியார் அங்கிருந்து தொகுத்து 1862 இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியின் பின்னே யாழ்ப்பாணத்து அறிஞரின் உழைப்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் முன்னர்ப் பணியாற்றிய பேர்சிவல் பாதிரியார், தாம் சென்னையில் நடத்திய தினவர்த்தமானிக்கு ஆசிரியராகச் செமினறி மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளையை அழைத்துக்கொண்டார். வேலை இருக்கிறது, வருக என்னும் ஒரு கடிதமே அக்காலத்துப் பழைய மாணவர் உறவின் பயன்மிக்க வடிவமாக இருந்தது எனலாம். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது கலைமாணித் தேர்வில் தேறிய இருவர் தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் ஆவர். விசுவநாதபிள்ளை செமினறியிற் கற்பித்தவர். வீசகணிதம் பற்றித் தமிழில் நூல் எழுதியவர். மற்றவரினும் ஏறக்குறையப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருவரும் ஒரே தேர்வுக்கு அமர்ந்தபோது அவர்களை உருவாக்கிய கூடம் இல்லாது போய் ஈராண்டுகள் ஆகியிருந்தன.

சமயம் இவ்வுறவை அறுத்துவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. விசுவநாதபிள்ளை ஒருகாலத்திற் கிறித்தவர் சார்பில் நின்று சைவ கண்டனங்களுக்கு மறுப்பெழுதியவர், பின்னர்ச் சைவரானார். தாமோதரம்பிள்ளையும் 1868 இல் தொல்காப்பியச் சேனாவரையத்தை ஆறுமுகநாவலரின் பார்வையோடு பதிப்பித்தார். 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார். நியாய இலக்கணம் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடக்கிய பாடசாலையே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அண்டர்சனின் கணக்கேட்டில் இவர்களுக்கு உரிய நிரல் எது? அவர் வகுத்த நிரல்களுள் இவர்களுக்கு இடமில்லை.

பெண்களின் நிலை வேறு. 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையிற் பயின்றோர் பலர் செமினறி மாணவருக்கு மனைவியராயினர். மிசன் அத்தகைய திருமணங்களை ஊக்குவித்தது. இதனாற் பழைய மாணவர் உறவு சம்பந்த உறவாகவும் மாறி இறுகியது. ஆயினும் அறிக்கைகளில் அப்பெண்கள் பெரும்பாலும் இன்னாரின் மனைவி என்ற அளவிலேயே இடம்பெற்றனர். இக்குறையை ஒருவர் தம் கால்களால் நிறைவாக்கினார். 1840 இல் வந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் உடுவிற் பாடசாலைக்குத் தலைமை தாங்கிய எலைசா அக்னியூ அம்மையார், விடுமுறை நாள்களிலே தம் பழைய மாணவியரின் வீடுகளுக்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார். 1883 இல் இறக்கும்வரை அவர் தாயகம் திரும்பவில்லை. 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என்ற சிறப்புப் பெயர் அவருக்கு வழங்கிற்று. அச்சில் வராத அவ்வீட்டுப் பேச்சுகளே அப்பெண்களின் வாழ்க்கைச் செய்திகளுக்குரிய ஏடு.

செமினறி மூடப்பட்டபின் ஆங்கிலக் கல்வியை வட்டுக்கோட்டையிலே தொடர்வதற்குப் பழைய மாணவரே முயன்றனர். 1867 அளவில் அம்முயற்சி உயர்கல்லூரி ஒன்று வேண்டுமென்ற திட்டமாக உருப்பெற்றது. இப்போது கணக்குக் கேட்டவர்கள் பழைய மாணவர். சபை தனது கொள்கையை மாற்றிக்கொண்டு செமினறியை மீளத் திறக்கவில்லை. ஆதலாற் புதிய கல்லூரி, சுதேசிகளும் உறுப்புரிமை பெற்ற தனிப் பணிப்பாளர் சபையின் கீழ், உள்ளூர் நன்கொடையும் அமெரிக்க நிதியும் கொண்டு நிறுவப்பட்டது. 1872 இல், ஹேஸ்ரிங்ஸ் பாதிரியாரை அதிபராகக் கொண்டு, பழைய செமினறி வளவிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் வில்லியம்ஸ் கல்லூரியிற் கூடியோர் சாகக்கிடந்த கல்லூரியைக் காத்தனர். இவர்களோ பதினேழாண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒன்றுக்காகக் கூடினர்.

புதிய கல்லூரியிலே தமிழ் கற்பித்தோருள் ஆனல்ட் சதாசிவம்பிள்ளையும் ஒருவர். சிறுவனாகச் செமினறிக்குள் நுழைந்த அவர், 1886 இல், முதுமையில், பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். நானூறுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாறுகளை அகரவரிசையில் அடக்கிய அந்நூலிலே பண்டைப் புலவரோடு ஈழத்துப் பிற்காலப் புலவரும் இடம்பெறுகின்றனர். ஊர், தந்தை பெயர், கற்ற இடம், இயற்றிய நூல் எனச் செல்லும் அதன் குறிப்புகளைப் புரட்டுகையில், மூவாண்டு அறிக்கைகளின் நடை நினைவுக்கு வருகிறது.