ஏட்டெண்ணும் முடிவிலா ஓட்டமும்

நெடிய நூலொன்றைப் பயில்வோர்க்கு இரண்டு வசதிகள் வேண்டும். ஒன்று, தடையின்றி மேலே செல்லுதல். மற்றொன்று, விட்ட இடத்துக்குத் தவறாது திரும்புதல். எழுத்தின் வரலாற்றில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றோடொன்று பொருதியிருக்கின்றன.

பண்டைய உரோமர் நூல்களைச் சுருளாகவே வைத்திருந்தனர். நடுவில் உள்ள ஒரு வரியைத் தேட, ஒரு கையால் விரித்து மறுகையால் சுற்றிக்கொண்டே செல்ல வேண்டும். கி. பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில், தோலை மடித்துச் செய்த நூலின் கையடக்கத்தைக் கவிஞர் மார்சியல் புகழ்ந்தார். ஐந்தாம் நூற்றாண்டளவில் மடிப்பு நூல் சுருளை வென்றுவிட்டது. வேண்டிய இடத்தை உடனே திறக்கலாம் என்பது அதன் சிறப்புகளுள் ஒன்று.

தமிழர் கையாண்டதோ ஓலைச்சுவடி. துளையிட்டுக் கயிறு கோத்த ஏடுகளின் இடப்புற ஓரத்தில் எண் பொறிப்பது வழக்கம். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தாலும் அவ்வெண் அவற்றை மீண்டும் வரிசைப்படுத்தும். ஓரம் ஒடிந்து எண்ணும் போய்விட்டால், பொருளை ஆராய்ந்தே தொடர்ச்சி காண வேண்டும். 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் சிதைந்த சுவடிகளோடு போராடியவர்களே. அச்சு வந்தபின், ஒரு பதிப்பின் எல்லாப் படிகளுக்கும் பக்க எண் ஒன்றாயிற்று. ஒருவர் சுட்டிய இடத்தை மற்றொருவர் தம் வீட்டிலிருந்தே சரிபார்க்க முடிந்தது.

2006 இல் அசா ரஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், கணினித் திரையில் பக்கமே முடியாமல் செய்தி மேன்மேலும் வந்துகொண்டிருக்கும் முறையை வகுத்தார். பொழுதுபோக்குக்கு அது இசைவானது. ஆனால் சற்று முன் கண்டதைத் தேடினால் அகப்படுவதில்லை; அடியில் உள்ளதைக் காண முயன்றால் அது விலகிக்கொண்டே போகிறது. நிறுத்தும் இடம் இல்லாமையால் மக்கள் பொழுதை இழப்பதைக் கண்டு அவரே பிற்காலத்தில் வருந்தினார். சுருளின் குறை புதுக்கோலம் பூண்டு வந்தது எனலாம்.

இது கற்றோர் அவைக்கு மட்டும் உரிய செய்தியன்று. வவுனியா வடக்கிலுள்ள நெடுங்கேணி போன்ற ஊர்களில், 2009 இல் முடிவுற்ற போரின்போது மக்கள் வீடுவாசல் துறந்து இடம்பெயர்ந்தனர். அத்தகையோர்க்கு நூலும் ஆவணமும் இழந்த பின்னர் தேடிப் பெற வேண்டிய செல்வங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களை 2005 முதல் எண்ணிம வடிவில் தொகுத்துவரும் நூலகம் திட்டம், அச்சுப் பக்கங்களை அவ்வாறே படமாக்கி வைக்கிறது. ஆகவே நெடுங்கேணி மாணவரும் தொரன்ரோவில் வாழும் உறவினரும் ஒரே நூலின் நாற்பதாம் பக்கத்தை ஒருங்கே திறந்து, ஒரே வரியைப் பற்றி உரையாடலாம்.

ஓடும் நீர் தாகம் தீர்க்கும். எல்லைக்கல்லோ நிலத்தைக் காக்கும். ஏட்டின் ஓரத்தில் இருந்த சிற்றெண் அத்தகைய எல்லைக்கல்லே. திரை எத்துணை நீண்டாலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்குவது அறிவுடைமை.