ஏழையின் போர்வையும் பழைய உடன்படிக்கையும்



மூஸா நபி (அலை) அவர்களுக்குப் பிறகு பனூ இஸ்ராஈலரிடையே எழுந்த தீர்க்கதரிசிகள் என்ன புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. எபிரேய வேத நூல்களை ஒரு வரலாற்று மூலமாக எடுத்து வாசித்தால் நமக்குக் கிடைக்கும் பதில் இதுதான்: பெரும்பாலும் புதிதாக ஒன்றுமில்லை. பழைய சட்டத்தைத்தான் நினைவூட்டினார்கள். அதுவும் அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்களிடமே.

ஒரு போர்வையை எடுத்துக்கொள்வோம். யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் ஏழைக்குக் கடன் கொடுப்பது பற்றிய சட்டம் இருக்கிறது. வட்டி கூடாது. அவனது மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது படுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் போர்த்திக்கொள்ள அவனிடம் வேறொன்றும் இல்லை. உபாகமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை எடுக்க அந்த வீட்டுக்குள் நுழையவே கூடாது, வெளியில்தான் நிற்க வேண்டும். விதவையின் ஆடையை அடகாகத் தொடவே கூடாது.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் வட இராச்சியத்தை ஆண்டபோது, தெற்கே தெக்கோவா என்ற ஊரிலிருந்து ஆமோஸ் வந்தார். ஆடு மேய்ப்பவர், காட்டத்தி மரம் பார்ப்பவர். பலிபீடங்களுக்குப் பக்கத்திலேயே, அடகாக வாங்கிய ஆடைகளை விரித்துச் சாய்ந்து கிடந்தவர்களைக் கண்டித்தார். எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை. பெத்தேலின் ஆசாரியரோ அவரை ஊரை விட்டுப் போகச் சொன்னார்.

சட்ட நூல்கள் இன்றைய வடிவில் எப்போது எழுதி முடிக்கப்பட்டன என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய விவாதம் உண்டு. ஜெர்மன் அறிஞர் வெல்ஹவுசன் 1878இல், ஆசாரியர்களுக்குரிய சட்டங்கள் தீர்க்கதரிசிகளுக்குப் பிந்தியவை என்று வாதிட்டார். அது இருக்கட்டும். போர்வை பற்றிய விதி மக்களுக்கு முன்பே தெரியாவிட்டால் ஆமோஸின் கண்டனம் யாருக்கும் உறைத்திருக்காது.

இன்னொரு சான்றும் உண்டு. 1960இல் யாப்பாவுக்குத் தெற்கே கடற்கரையோரக் கோட்டையொன்றைத் தோண்டியபோது மையால் எழுதிய மட்பாண்டத் துண்டு ஒன்று கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. அறுவடைக் கூலியாள் ஒருவர் அதிகாரிக்கு அனுப்பிய முறைப்பாடு அது. என் வேலையை முடித்துவிட்டேன், ஆனாலும் என் மேலாடையைப் பறித்துக்கொண்டார்கள், கூட அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், திருப்பித் தரச் செய்யுங்கள் என்கிறார். இதைச் சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவருக்கு ஆடை கிடைத்ததா என்று கேட்பார்கள். அது அந்த ஓட்டில் இல்லை.

எரேமியாவின் காலத்தில் விஷயம் இன்னும் கனதியானது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எபிரேய அடிமை ஆறு வருடம் உழைத்தால் ஏழாம் வருடம் விடுதலை என்பது பழைய சட்டம். உபாகமத்தின்படி வெறுங்கையோடும் அனுப்பக் கூடாது. யாரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. ஆபத்து வாசலுக்கு வந்த பிறகுதான் சிதேக்கியா அரசனும் பிரபுக்களும் ஒரு கன்றை இரண்டாகப் பிளந்து, அதன் நடுவே நடந்து உடன்படிக்கை செய்து, அடிமைகளை விடுவித்தார்கள்.

பிறகு எகிப்தியப் படை புறப்பட்ட செய்தி வந்தது. பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தி விலகினர். மூச்சு வந்ததும் எஜமானர்கள் விடுவித்தவர்களையே மறுபடி பிடித்து அடிமையாக்கினார்கள்!

எரேமியா உபாகமத்தின் சொற்களையே எடுத்தார். எகிப்தில் நீங்களே அடிமைகளாக இருந்தவர்கள், அங்கிருந்து மீட்ட நாளில் முன்னோருடன் செய்யப்பட்ட உடன்படிக்கை இது என்றார். நீங்கள் மறுத்த ‘விடுதலை’ உங்களுக்கே அறிவிக்கப்படுகிறது, வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களை விட்டுவிடும் விடுதலை அது என்றார். பாபிலோனியர் திரும்பி வந்தார்கள். கி.மு. 586 அளவில் மதில் உடைந்தது. தப்பி ஓடிய சிதேக்கியாவை எரிகோவுக்கு அருகே பிடித்து, கண்களைக் குருடாக்கி, விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டு போனார்கள்.