கண்டி வீதியும் அதன் கட்டைகளும்

யாழ்ப்பாணத்தார் கண்டி வீதி என்று வழங்குவதும், மதவாச்சிப் பக்கத்தவர் யாழ்ப்பாண வீதி என்று வழங்குவதும் ஒரே வீதியைத்தான். தூரத்து முனையின் பெயரால் வீதியை அழைப்பது நம் நாட்டு வழக்கம். அரசாங்கம் அதற்கு இட்ட பெயர் ஏ-9. கண்டியிலே தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்னும் இடங்களைக் கடந்து யாழ்ப்பாணத்தை அடையும் இதன் நீளம் 321 கிலோமீற்றர். மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுக்களிலே தேடுகின்ற நம் ஆசிரியர்கள், வீதியோரத்துக் கற்களையும் பலகைகளையும் கல்வெட்டுக்களாகக் கொள்வதில்லை. ஆயினும் கடந்த இரு நூற்றாண்டுகளில் இந்நாட்டு மக்கள் பட்டதை அறிய விரும்பும் மாணவனுக்கு இவற்றினும் நல்ல சாசனங்கள் வேறில்லை. இவ்வீதியை வெட்டியவர் யார், யாருக்காக வெட்டினர், அதன் ஓரத்தில் எம்மொழியில் எழுதினர், எவரை எழுதாது விட்டனர் என்று நாம் கேட்டல் வேண்டும்.

பிரித்தானியர் 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றியதும் முதலில் நாடியது வீதிகளையே. படைகள் மலைநாட்டுக்குள் விரைந்து செல்லவேண்டியிருந்தது. பின்னர் மலைநாட்டுக் கோப்பி துறைமுகத்துக்கு விரைந்து வரவேண்டியிருந்தது. மாத்தளை நகரின் பிரதான தெரு இன்றும் திருகோணமலை வீதி என்றே அழைக்கப்படுவது, அது எத்துறைமுகத்தை நோக்கி வெட்டப்பட்டது என்பதைக் காட்டும். வீதி வரலாறு எழுதுவோர் தோமஸ் ஸ்கின்னரைப் புகழாது விடுவதில்லை. அவர் திறமைசாலி என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்கின்னர் அளந்தார். வெட்டியவர்கள் வேறு மனிதர்கள்.

இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. பாடநூல்கள் இதனை ஒரு விடுதலையாகப் போற்றுகின்றன. பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1848இல் டொறிங்டன் தேசாதிபதியின் ஆட்சியில் வீதிக் கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதியிலே வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்றது அது. காசு கண்டறியாத கமக்காரனுக்கு இரண்டாவது வழி எங்கே உண்டு? முன்வாசலால் வெளியேற்றப்பட்ட இராசகாரியம் பின்வாசலால் வந்து சேர்ந்தது.

அவ்வாண்டு யூலை மாதத்தில் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடி சூட்டப்பட்டான். அங்கிருந்து மாத்தளை நோக்கித் திரண்ட மக்கள், எந்த வரிகளுக்கு எதிராக எழுந்தார்களோ அவ்வரிகளாலும் ஊழியத்தாலும் ஆக்கப்பட்ட அதே மார்க்கத்திலேயே நடந்தனர். கிளர்ச்சி சில நாட்களில் அடக்கப்பட்டது. ஓகஸ்ட் 8இல் வீர புரன் அப்பு கண்டியிலே சுட்டுக்கொல்லப்பட்டான். வீதி ஊழியக் கடமையோ, தலைவரி என்னும் உருவில் இருபதாம் நூற்றாண்டிலும் ஏழையைத் தொடர்ந்தது, ஏ. ஈ. குணசிங்காவும் அவர் தோழர்களும் அதனை எதிர்த்து இயக்கம் நடத்திய பின்னரே, 1920களில், அது நீங்கியது.

1848இன் வீரர்களுக்கு மாத்தளையில் நினைவுத்தூண் உண்டு. அது இருக்கவேண்டியதே. ஆனால் அதே காலத்தில் இதே வீதியின் ஒரு பகுதியிலே நடந்துவந்த வேறொரு கூட்டத்தார் உளர். தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் திரட்டப்பட்டவர்கள் மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியே மதவாச்சிப் பக்கம் வந்து, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தனர். ஏறத்தாழ 150 மைல். குடிநீர் அரிது, காய்ச்சல் பெரிது, வாந்திபேதி தொற்றினால், கங்காணி கூட்டத்தை நடத்திக்கொண்டு போய்விட, விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடந்தான். 1840களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் மாண்டனர் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணித்தது. அத்தொகை மிகையானது என்று வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். அவ்வாதம் நடக்கட்டும். எழுபதினாயிரமா, அதிற் பாதியா என்று பேரம்பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், அவர்களை எவரும் ஒழுங்காக எண்ணாமையே. கோப்பி மூடை ஒவ்வொன்றும் எண்ணப்பட்டது.

அவ்வழி 1899இல் மூடப்பட்டது. தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். வீதிக் கட்டளைச் சட்டத்துக்குச் சரியாக நூறு ஆண்டு!

இனி, கற்களுக்கு வருவோம். ஆங்கிலேயர் மைலுக்கு ஒரு கல் நாட்டினர். மைல் என்பது அவர்கள் அளவு. அக்கல்லை நாட்டியதும் எண்ணியதும் மராமத்துப் பகுதியின் கணக்குக்காக. எத்தனையாம் மைலில் மதகு உடைந்தது, எந்த ஓவசியர் எத்தனை கூலிகளை எவ்விடத்தில் விட்டார் என்பதற்கான குறி அது. ஆனால் நம் மக்கள் அக்கல்லைத் தமதாக்கிக்கொண்டனர். அது 'கட்டை' ஆயிற்று. 'சந்தைக்கு மூன்று கட்டை' என்றால் மூன்று மைல் என்பது பொருள். கிளிநொச்சியிலே '155ஆம் கட்டை' என்று ஓர் இடமே உண்டு. கண்டியிலிருந்து எண்ணிவந்த அதிகாரியின் கணக்கு, அங்கே காடு வெட்டிக் குடியேறிய கமக்காரனின் ஊர்ப்பெயராகிவிட்டது. மைல் போய்க் கிலோமீற்றர் வந்தது. 155ஆம் கட்டை 155ஆம் கட்டையாகவே இருக்கிறது.

பலகை வருமுன்னரே இருந்த பெயர்களும் உள்ளன. யானைகள் ஆழமற்ற கடலில் இறங்கிக் குடாநாட்டுக்குள் கடத்தப்பட்ட துறை ஆனையிறவு. விற்பனைக்காகக் கொண்டுசெல்லப்பட்டவை அவை. அப்பெயரே ஒரு வணிக வரலாறு. முறிகண்டியிலோ பெயர்ப்பலகையே வேண்டுவதில்லை. சாரதி வண்டியை நிறுத்துவான்; பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும்; பயணிகள் கச்சான் வாங்குவர். பக்தி இல்லாத சாரதியும் அங்கே நிறுத்தாது போகத் துணிவதில்லை என்பதை இவ்வீதியிற் பயணஞ் செய்தோர் அறிவர்.

பலகையின் மொழி பற்றியும் பேசவேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் ஆட்சிமொழி ஆங்கிலம். சிங்களக் கமக்காரனும் தமிழ்க் கமக்காரனும் அதன்முன் ஒருங்கே ஊமைகள். 1956இன் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958இலே மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்த சிங்கள 'ஸ்ரீ' வடக்கிலே அழிக்கப்பட்டுத் தமிழ் 'ஸ்ரீ' எழுதப்பட்டது. தெற்கிலே பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துக்கள்மீது தார் பூசப்பட்டது. மே மாதத்தில் மனித உயிர்களே அழிந்தன. வீதிக்கென வாங்கிய தாரை எழுத்தின்மீது பூசிய கையால் எந்த வீதியும் செப்பனிடப்படவில்லை. வீதியிலே தார் ஊற்றிய சிங்களத் தொழிலாளியின் நாட்கூலி அதனால் ஒரு சதமும் உயரவில்லை.

இடதுசாரிகளாகிய நாம் இவ்விடத்தில் மௌனமாக நழுவுதல் ஆகாது. 1956இல் அச்சட்டத்தை உறுதியோடு எதிர்த்த கட்சிகளே, 1966 சனவரி 8ஆந் திகதி, தமிழ்மொழிக்குச் சிறு இடமளித்த பிரமாணங்களை எதிர்த்த ஊர்வலத்திலே கலந்துகொண்டன. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலே எழுதப்படுவதற்கு 1987 வரை செல்லவேண்டியதாயிற்று. பின்னர் வந்த பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்றும் உள்ளன. ஆனால் தமிழ் வரியிலே எழுத்துப்பிழை மலிந்த பலகைகளை நாடெங்கும் காணலாம். சட்டம் மொழியை ஏற்றது. எழுதுவித்தவர் அதனை அறிந்த ஒருவரிடம் காட்டவுமில்லை.

அதற்குள் போர் வந்துவிட்டது. 1990இல் வீதி அறுந்தது. குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்தனர். 1997 மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறு' நடவடிக்கையின் நோக்கமே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடைப்பட்ட இவ்வீதியைக் கைப்பற்றுவது. 1998 திசெம்பரில் அது கைவிடப்பட்டபோது, சில பத்து மைல் வீதிக்காக இரு தரப்பிலும் மாண்டவர்கள் பெரும்பாலும் ஏழைக் கமக்காரரின் பிள்ளைகள். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏப்ரலில் வீதி திறக்கப்பட்டது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இராணுவம் சோதித்தது. புலிகளும் சோதித்தனர், வரியும் அறவிட்டனர். இரண்டுக்கும் இடையே 'சூனியப் பிரதேசம்'. வண்டியிலிருந்து இறங்கிப் பொதியைச் சுமந்து வரிசையில் நின்ற பெண்ணுக்கு எவரும் வழிவிடவில்லை. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட வீதி, 2009இல் போர் முடிந்த பின்னரே பொதுமக்களுக்கு மறுபடி திறந்தது.

இக்காலத்தில் வீதியோரத்திற் பெருகிய பலகை ஒன்றுண்டு. செந்நிறம், நடுவிலே மண்டையோடு, மிதிவெடி என்ற சொல் மும்மொழியிலும். மூன்று மொழிகளும் சமமாக, அனைவரும் அறியவேண்டுமென்ற உண்மையான அக்கறையோடு எழுதப்பட்ட பலகை அதுவே என்று கூறத் தோன்றுகிறது. இன்று ஆனையிறவிலும் கிளிநொச்சியிலும் அரசாங்கத்தின் வெற்றிச் சின்னங்கள் நிற்கின்றன. அவற்றைக் கடந்து செல்லும் பேருந்தில், பிள்ளையைத் தேடித்திரியும் தாயும் இருக்கின்றாள்.

2023 யூலை 28இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. கொங்காலேகொட பண்டா முடிசூடியதும் ஒரு யூலை மாதத்திலேயே. இப்பொருத்தம் திட்டமிடப்பட்டதோ தற்செயலோ, நம் மாணவர்கள் குறித்துக்கொள்ளத் தக்கது. முன்னோர் நடந்த வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என நடந்து, ஓகஸ்ட் 12இல் அவர்கள் மாத்தளையை அடைந்தனர். வழியெங்கும் ஊர்களின் பெயரைச் சொல்லும் பலகைகள் இருந்தன. தூரத்தைச் சொல்லும் கற்கள் இருந்தன. முன்னோர் எங்கெங்கே விழுந்தனர் என்பதைச் சொல்லும் அரசாங்கப் பலகை இவ்வீதியில் இல்லை. நடந்தவர்கள் தாமே எழுதிய பதாகைகளைத் தாமே சுமந்து சென்றனர்.