மங்கிய கண்ணாடியும் தெளிந்த படமும்: ஒளிப்பட வில்லை வரலாற்றில் எதிரொளிப்பின் இடம்

ஒளிப்பட வில்லைகளின் வரலாற்றை எழுதுவோர் வில்லையின் வடிவமைப்பை ஓர் இயலாகவும், அதன்மேல் இடப்படும் பூச்சை வேறோர் இயலாகவும் பிரித்துக் கூறுவதே பெரும்பான்மை வழக்கம். பூச்சு என்பது பின்னாளில் வந்து சேர்ந்த மெருகு என்னும் எண்ணம் இதனால் நிலைபெற்றது. எந்த வடிவமைப்பு வழக்கில் நிலைக்கும், எது ஒதுக்கப்படும் என்பதிலேயே எதிரொளிப்புக்குப் பங்கு இருந்தமையைப் பிளானார், சொன்னார் என்னும் இரு வில்லைகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒளிவிலகல் எண் 1.5 உடைய கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. எட்டுப் பரப்புகளைக் கடந்தால் 72 விழுக்காடே எஞ்சும். இவ்விழப்பு பெருங்குறையன்று, ஒளிபடும் நேரத்தைச் சற்றே கூட்டினால் ஈடாகிவிடும். திரும்பிய ஒளி மற்றொரு பரப்பில் பட்டு மீண்டும் படச்சுருளை நோக்கி வருவதே உண்மையான இடர். அது நிழற்பகுதிகளில் வெண்புகைபோலப் படர்ந்து கருமையைச் சாம்பல் நிறமாக்கும். இவ்வாறு இருமுறை எதிரொளித்தற்குரிய பரப்பு இணைகள் ஆறு பரப்புகளுக்கு 15. எட்டுப் பரப்புகளுக்கோ 28. இரண்டு பரப்புகள் கூடியதற்கே இணைகள் ஏறத்தாழ இருமடங்காகின்றன.

பவுல் ருடால்ப் 1896-இல் செய்ஸ் நிறுவனத்துக்காக அமைத்த பிளானார், ஆறு கண்ணாடிகளை நான்கு தொகுதிகளாகக் கொண்டது. காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பிழைத்திருத்தத்தில் சிறந்திருந்தும் அது பரவலாக வழங்கவில்லை. 1902-இல் வந்த டெஸ்ஸார் நான்கு கண்ணாடிகளும் ஆறு பரப்புகளுமே கொண்டது. அதுவே உலகெங்கும் பரவியது. எளிமையும் விலையும் இதற்குக் காரணங்களே. ஆயினும் 1932-இல் காண்டாக்ஸ் ஒளிப்படக் கருவிக்காக லுட்விக் பெர்டெலே அமைத்த சொன்னார் வில்லையை எளிமையால் விளக்க இயலாது. அதன் எப் 1.5 வகையில் ஏழு கண்ணாடிகள் மூன்றே தொகுதிகளாக ஒட்டப்பட்டன. செய்தற்கு அரிய, செலவு மிக்க வழி அது. ஒட்டிய பரப்புகளில் ஒளிவிலகல் எண் வேறுபாடு குறைவாதலின் எதிரொளிப்பும் குறைவு. காற்றைத் தொடும் பரப்புகள் ஆறாகவே நின்றன. பூச்சில்லாக் காலத்துக்குரிய விடை சொன்னார் எனலாம்.

பூச்சுக்கான முதற்குறிப்பு பழுதான வில்லைகளிலிருந்தே கிடைத்தது. யார்க் நகரில் குக் நிறுவனத்தில் பணியாற்றிய டென்னிஸ் டெய்லர், காலப்போக்கில் மங்கிய வில்லைகள் புதியவற்றினும் மிகுதியான ஒளியைக் கடத்துவதை 1890-களில் கண்டார். கெட்டுவிட்டதெனத் துடைத்து மெருகிடப்பட்ட படலமே நன்மை செய்து வந்தது! வேதிமுறையால் அவ்வாறு மங்கச் செய்ய 1904-இல் அவர் காப்புரிமை பெற்றார். ஆனால் கண்ணாடிக்குக் கண்ணாடி விளைவு மாறியதால் அம்முறை நிலைக்கவில்லை. 1935-இல் யேனாவில் அலெக்சாண்டர் சுமாகுலா, வெற்றிடத்தில் பொருளை ஆவியாக்கிக் கண்ணாடிமேல் படியவைக்கும் முறைக்குக் காப்புரிமை வேண்டினார். செர்மானியப் படைத்துறை அதனை மறைபொருளாக வைத்திருந்தது. அமெரிக்காவில் 1936-இல் ஜான் சுடிராங்கும், 1938-இல் கேத்தரின் பிளாட்செட்டும் தத்தம் வழியில் இதனையே அடைந்தனர். பிளாட்செட்டின் 44 அடுக்குச் சவர்க்காரப் படலம் எதிரொளிப்பை நன்கு தடுத்தது. ஆனால் எளிதில் அழிந்துவிடும் மென்மை உடையது.

இறுதியில் நிலைத்தது மக்னீசியம் புளோரைடு. ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனில், பச்சை ஒளியின் கால் அலைநீளத்துக்கு ஒப்ப, அது படியவைக்கப்பட்டது. படலத்தின் இரு முகங்களிலும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று பெரிதும் நீக்குகின்றன. முழுநீக்கத்துக்கு ஒளிவிலகல் எண் 1.23 வேண்டும்; இதற்கோ 1.38. ஆகவே ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் எதிரொளிப்பு எஞ்சியது. சிவப்பும் நீலமும் மிகுதியாகத் திரும்புவதாலேயே அக்கால வில்லைகள் ஊதா நிறம் காட்டுகின்றன.

போருக்குப் பின் பிளானார் வகை அமைப்பு மேலோங்கியது. பூச்சு மட்டுமே காரணம் எனல் மிகை. சொன்னாரின் பின்பகுதி படச்சுருளை நெருங்கி நிற்பதால், ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவிகளின் ஆடிக்கு அங்கு இடமில்லை. எனினும் எட்டுப் பரப்புகள் இடையூறாகாத நிலையைப் பூச்சே ஏற்படுத்தியது. 1970-களின் தொடக்கத்தில் பல்லடுக்குப் பூச்சு வந்தபின், இருபது பரப்புகளும் 190 இணைகளும் கொண்ட உருப்பெருக்க வில்லைகளும் இயல்பாயின.

1930-களின் படங்களில் காணும் மென்னிழலைக் கலைஞரின் நோக்கமெனக் கொள்ளுமுன், வில்லை பூச்சுடையதா என்று நோக்குதல் வேண்டும். போருக்குப் பின் தம் பழைய வில்லைகளுக்குப் பூச்சு இடுவித்துக் கொண்டோரும் உளர். ஆதலின், இன்று அவ்வில்லைகளில் காணும் ஊதா நிறம் படம் எடுத்த நாளின் நிலைக்குச் சான்றாகாது.