பணம் கைக்கு வருமுன் வழக்கை மீட்டுக்கொள்ளலாமா?

சிவில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வருவது மலேசிய நீதிமன்றங்களில் வழக்கமானது. ஆனால், உடன்பாடு கண்டதும் வழக்கு தானாக முடிந்துவிடாது. வழக்குத் தொடுத்த வாதி அதை முறைப்படி மீட்டுக்கொள்ள வேண்டும். அதில் அவசரப்பட்டால் பேசிய பணம் கைக்கு வராமலே போகலாம்.

எப்படி மீட்டுக்கொள்வது?

2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 21ஆவது கட்டளை இதற்கு வழிகாட்டுகிறது. பிரதிவாதியின் எதிர்வாதம் வாதிக்குக் கிடைத்த 14 நாள்களுக்குள் என்றால், நோட்டீஸ் கொடுத்தாலே போதும். அதன் பிறகு பொதுவாக நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

கவனிக்க வேண்டிய வாசகம்

“மீண்டும் வழக்குத் தொடுக்கும் உரிமையுடன்” மீட்டுக்கொண்டால், அதே விவகாரத்திற்காகப் பிறகு நீதிமன்றம் செல்லலாம். “உரிமையின்றி” என்று உத்தரவில் இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். எதிர்த்தரப்பு உடன்பாட்டை மீறினால், அந்த ஒப்பந்தத்தை வைத்தே புதிய வழக்குப் போட வேண்டியிருக்கும். அதனால்தான் உடன்பாடு எழுத்தில் இருப்பது அவசியம்.

உரிமை இருந்தாலும் காலக்கெடு காத்திருக்காது. தீபகற்ப மலேசியாவில், 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்த மீறலுக்கு 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஒரு குத்தகையாளர் 2019 ஜூனில் வீட்டு வேலையைப் பாதியில் விட்டுச் சென்றதாக வைத்துக்கொள்வோம். 2023இல் போட்ட வழக்கை வாதி 2025 ஜனவரியில் மீட்டுக்கொள்கிறார். பேசிய தவணை ஆகஸ்டில் நின்றுபோகிறது. அதே மீறலுக்காகப் புதிய வழக்குப் போட முயன்றால், கெடு ஜூனிலேயே முடிந்திருக்கும்.

தவணையில் பணம் என்றால்

முழுப் பணமும் கிடைத்த பிறகு மீட்டுக்கொள்வதே பாதுகாப்பு. தவணை முறையென்றால், மீட்டுக்கொள்வதற்குப் பதிலாக உடன்பாட்டை ஒப்புதல் தீர்ப்பாகப் பதிவு செய்யக் கேட்கலாம். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் உடனே செலுத்த வேண்டும் என்று அதில் சேர்த்துக்கொள்வது நல்லது. பணம் நின்றால் புதிய வழக்கின்றி நேரடியாக அமலாக்க நடவடிக்கைக்குப் போகலாம்.

மறக்கக்கூடாதவை

* வழக்குச் செலவு யாருடையது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், மீட்டுக்கொண்டவரிடமே எதிர்த்தரப்பு செலவைக் கேட்கக்கூடும்.
* பிரதிவாதி எதிர்க்கோரிக்கை வைத்திருந்தால், வாதி விலகினாலும் அது தொடரலாம். அதையும் சேர்த்து முடித்துக்கொள்ள வேண்டும்.
* சாலை விபத்து போன்ற வழக்குகளில் 18 வயதுக்குட்பட்டவர் சார்பில் செய்யும் உடன்பாட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் தேவை. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது.

வழக்கறிஞர் நீட்டும் உத்தரவு வரைவு ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தால், வரிக்கு வரி விளக்கம் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்கள், தகுதிக்கேற்ப சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களையோ நாடலாம்.